துள்ளல், குழிப்பு, தொங்கல்

இசை நடந்த வழி – 14

1871-ஆம் ஆண்டு கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பழம்பெருமைக்குச் சான்றாக அங்கே ஒரு திருப்புகழ்ப் பாட்டை எடுத்துக் காட்டினார்கள். தில்லை மூவாயிரவரைப் பற்றி அருணகிரிநாதர் பாடிய பாட்டு அது. அந்த நீதிமன்றத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. வழக்கின் தீர்ப்பைவிட அந்தப் பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. அருணகிரியார் பதினாறாயிரம் பாடினார் என்று சொல்கிறார்களே, அவையெல்லாம் எங்கே போயின என்று தேடத் தொடங்கினார். ஊர் ஊராக ஏடு தேடி, எழுதி, ஒப்பிட்டு, 1894-இல் முதல் தொகுதியை அச்சில் கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியைத் தன் ஆயுள் முழுக்கத் தொடர்ந்தார். இன்று நம் கையில் இருக்கும் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் திருப்புகழ்ப் பாடல்களுக்கு அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்துத் தாலுகாக்கள். மாவட்டத் தலைநகர் கடலூர். 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்தப் பக்கத்து மக்களுக்குப் பெரிய கச்சேரி என்றால் மஞ்சக்குப்பத்துக் கச்சேரிதான். அந்தக் கச்சேரியில் காதில் விழுந்த பாட்டு, இந்த மாவட்டத்தின் வழியாகவே சங்கீதக் கச்சேரிக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. அதைத்தான் இந்தப் பகுதியில் பார்க்கப் போகிறோம்.

சென்ற பகுதியில் குறத்தியின் ஆட்டம் குறவஞ்சியாகித் தஞ்சை அரண்மனைக்குள் நுழைந்ததைப் பார்த்தோம். அரண்மனைக் கதைகளில் புரவலர் பெயர் இருக்கும், தேதி இருக்கும், மானியம் இருக்கும். தென்னார்க்காட்டில் இவை எதுவும் பெரிதாக இல்லை. இங்கே இருப்பவை ஒரு குன்றும், ஒரு மடமும், எண்ணற்ற திரௌபதி அம்மன் கோயில்களும்.

குன்று, திண்டிவனத்தை அடுத்த மயிலம். அருணகிரியார் பாடிய தலம். சூரபன்மன் மயில் உருவில் மலையாகி நின்ற இடம் என்பது தலக்கதை. கோயில் பொம்மபுர ஆதீனத்தின் பொறுப்பில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் கூட்டேரிப்பட்டுப் பக்கமிருந்து காவடிகள் வரிசையாக வரும். முன்னால் பம்பை. இடுப்போடு கட்டிய இரட்டை முழவு, ஒன்று மரம், ஒன்று உலோகம். கூடவே உடுக்கையும் கைச்சிலம்பும். காவடி எடுத்தவரின் தோளைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். தகிட, தகிட என்று மூன்று மூன்றாகத்தான் அடி விழும். முதல் எண்ணுக்குக் கால் அழுந்தும், அடுத்த இரண்டுக்கும் இடுப்பு திரும்பும். தோளில் இருக்கும் வளைந்த சட்டம் கையால் பிடிக்காமலே ஒரு தோளிலிருந்து பிடரிக்கும் பிடரியிலிருந்து மறு தோளுக்கும் சுழன்று போகும். பால்குடம் தளும்பாமல் இருப்பது இந்த மூன்றெண்ணின் ஒழுங்கால்தான். நாலெண்ணில் நடந்தால் சட்டம் ஒரே பக்கமாகச் சாயும். மூன்றெண்ணில் அழுத்தம் வலக்காலுக்கும் இடக்காலுக்கும் மாறி மாறி விழுவதால் சுமை இரு பக்கமும் பங்காகிவிடுகிறது.

பாட்டும் அதற்கேற்றபடிதான் இருக்கும். ஒருவர் அரையடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் மீதி அரையடியை வாங்கிப் பாடுவார்கள். வெயிலில், சுமையோடு, ஏற்றத்தில் நடக்கிறவருக்கு மூச்சு எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவுதான் அரையடியின் நீளம். அடிதோறும் முடிவில் ஒரே ஓசை வந்து விழும். பின்னால் வருகிறவருக்குச் சொல் காதில் விழாவிட்டாலும் அந்த ஓசை விழும், அதைப் பிடித்துக்கொண்டு அவர் சேர்ந்துகொள்வார். சிந்துப் பாட்டின் இலக்கணத்தில் அரையடி, தனிச்சொல், இயைபு என்று பிற்காலத்தில் பேசப்பட்டதெல்லாம் முதலில் நடக்கிறவர்களின் வசதிதான்.

இந்த நடையை ஏட்டில் ஏற்றி, சங்கீதக்காரர்கள் தொட்டுப் பார்க்கும்படி செய்தவர் தெற்கே சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், கழுகுமலை முருகன்மேல் காவடிச்சிந்து பாடினார். முப்பது வயதைத் தொடுவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் சொல்லடுக்கைப் பாடிப் பார்க்கிறவருக்கு நாக்கு பின்னிக்கொள்ளும், ஆனால் தாளம் ஒருபோதும் பின்னாது. இன்றைக்குச் சபாக்களில் செஞ்சுருட்டியில் காவடிச்சிந்து கேட்டால் பெரும்பாலும் அவர் வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

தெற்கே சிந்து அப்படி மலர்ந்த காலத்தில், நெல்லைச் சீமையில் பிறந்த இன்னொருவர் வடக்கே வந்து விழுப்புரத்துக்குப் பக்கத்தில் நிலைகொண்டார். அவரைப் பற்றித்தான் இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள், 1839-இல் பிறந்தவர். இளமைப் பெயர் சங்கரலிங்கம். எட்டு வயதில் வெண்பா பாடியவர் என்பார்கள். முருகதாசர் என்றும், திருப்புகழ் பாணியில் பாடிக் குவித்ததால் திருப்புகழ்ச் சுவாமிகள் என்றும் பெயர். இலட்சம் பாட்டுப் பாடினார் என்று சொல்வதுண்டு, கிடைத்திருப்பது அதைவிடக் குறைவு. தமிழகத்துக் கோயில்களையெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் உள்ள திருவாமாத்தூரில் மடம் அமைத்துத் தங்கினார். மூவர் பாடலும் பெற்ற ஊர், பம்பையாற்றங்கரை, அருணகிரியாரும் பாடிய தலம். 1898-இல் அங்கேயே சமாதியானார். அவர் மரபில் வந்த கௌமார மடம்தான் கோவைப் பக்கம் சிரவை ஆதீனமாக வளர்ந்தது.

அடியவர்கள் அவரை அருணகிரிநாதரின் மறுபிறவி என்றே கொண்டாடினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அருணகிரியார் பாடிவிட்டுப் போனார், எப்படிப் பாடினேன் என்று எழுதி வைக்கவில்லை. தண்டபாணி சுவாமிகள் ‘வண்ணத்தியல்பு’ என்று ஓர் இலக்கணமே எழுதினார். காதால் மட்டும் கைமாறி வந்த ஒன்றை விதியாக்கினார். அந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் திருப்புகழுக்குள் ஆட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பிடிபடும்.

அடிப்படையில் எட்டுச் சந்தங்கள்: தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய. வல்லினம் அடுத்தால் ஓசை தெறிக்கும், மெல்லினம் அடுத்தால் உருளும், இடையினம் அடுத்தால் வழுக்கும். இவை கூடி ஒரு துள்ளல் ஆகும். துள்ளல் மூன்று முறை மடங்கி வந்து, கடைசியில் ஒரு தொங்கல் சேர்ந்தால் ஒரு குழிப்பு. அதே குழிப்பு பாட்டு முழுக்க இம்மி பிசகாமல் திரும்பத் திரும்ப வர வேண்டும். புதிய சொல், புதிய பொருள், ஆனால் ஓசைக்கணக்கு மட்டும் மாறவே கூடாது.

வாயால் சொல்லிப் பார்க்க ஒரு கணக்கு. துள்ளல் ‘தனதனன தான’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தனதனன’ ஐந்து மாத்திரை, ‘தான’ மூன்று மாத்திரை, ஆக எட்டு. மூன்று முறை சொன்னால் இருபத்து நான்கு. தொங்கலாக ‘தனதான’ போட்டால் ஐந்து. அதன்பின் மூன்று மாத்திரை சும்மா இருங்கள். முப்பத்திரண்டு வந்துவிட்டது. ஆதி தாளத்தில், அட்சரத்துக்கு நாலு வீதம், ஓர் ஆவர்த்தனம் அப்படியே நிறைகிறது. உள்ளே ஐந்தும் மூன்றும் குறுக்கும் நெடுக்குமாக ஓடினாலும் வெளியே தட்டுகிற கை தன்பாட்டுக்கு எட்டு எண்ணிக்கொண்டிருக்கும். தொங்கலுக்குப் பின்னால் வரும் அந்த மூன்று மாத்திரை இடைவெளியில் பாடுகிறவர் மூச்சு வாங்குகிறார். ஆடுகிறவரோ காலை ஊன்றித் திரும்புகிறார். மேடையில் மிருதங்கக்காரர் அந்த இடத்தில்தான் ஒரு சின்னத் தீர்மானம் வைப்பார்.

இது எளிய கணக்கு. திருப்புகழில் ஒன்றரை, இரண்டரை என்று அரை எண்ணிக்கையில் வரும் அளவுகள் நிறைய உண்டு. தகிட என்றால் ஒன்றரை, தகதிமி என்றால் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய் அந்தந்தப் பாட்டுக்கு அதற்கென்றே ஒரு தாளம் அமைத்துப் பாடும் மரபு இன்றும் இருக்கிறது. சூளாதி சப்த தாளங்களுக்குள் இவற்றை அடக்கிவிட முடியாது. வேதியரும் புலவரும் ஏடு பார்த்து உண்டாக்கியிருக்கக்கூடிய கணக்கும் அல்ல இது. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரபுடதேவராயர் காலத்துத் திருவண்ணாமலைத் தெருவில் உடுக்கையும் பறையும் பம்பையும் என்ன பேசிக்கொண்டிருந்தனவோ அதைத்தான் அருணகிரியார் காதில் வாங்கியிருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். ‘முத்தைத்தரு’ பாட்டைப் பாருங்கள். போர்க்களத்தில் பேய்களும் பைரவியும் ஆடுவதைச் சொல்லும்போது பாட்டே முழவுச் சொற்கட்டாகிவிடுகிறது. 1964-இல் ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடி அதைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனார்.

இந்தத் திருப்புகழைக் கச்சேரி மேடைக்கு உரிய சரக்காக மதித்தவர்களில் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) முக்கியமானவர். லயத்தில் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் என்று பக்கவாத்தியங்கள் நிறைய வைத்துக்கொண்டு பாடுவார், ‘ஃபுல் பெஞ்ச்’ என்பார்கள். அத்தனை பேருக்கும் வேலை கொடுக்கும் உருப்படிகளில் திருப்புகழும் ஒன்று. அவருடைய சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, அவருடைய சீடர் மதுரை சோமு என்று அந்த வழி நீண்டது. சோமு பாடிய திருப்புகழைக் கேட்டவர்களுக்கு, ஒரு நாலு பேர் குழு எப்படி ஒரு திருவிழாக் கூட்டமாக மாற முடியும் என்று தெரிந்திருக்கும்.

கச்சேரி என்பது அடிப்படையில் நாலைந்து பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து செய்யும் இசை. கல்யாண வீட்டுத் திண்ணை, மடத்து மண்டபம், ஜமீன் கூடம், பிறகு சபா. ஒருவர் மூச்சு இன்னொருவர் காதில் படும் தூரம்தான் அளவு. ஐரோப்பாவிலும் இப்படி ஒன்று உண்டு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஹங்கேரியில் பேலா பார்டோக் 1906 வாக்கில் மெழுகு உருளை பொருத்திய ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு, நண்பர் கோடாயோடு சேர்ந்து கிராமத்துப் பாட்டுகளைத் திரட்டினார். 1909 முதல் 1939 வரை அவர் எழுதிய ஆறு நால்வர் இசைகளிலும் அந்தக் குடியானவர்களின் ஆட்டத்தாளம் ஓடுகிறது. அவர் கிராமத்துக்குப் போய்த் தேடி எடுத்துவர வேண்டியிருந்தது. இங்கே அந்தத் தேவை வரவில்லை. காவடியும் கூத்தும் கேட்டு வளர்ந்தவர்களே கூடத்திலும் வந்து உட்கார்ந்தார்கள்.

மாறுவழியிலும் நடந்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் கோட்டைப் பேண்டு வாத்தியத்தார் வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்ததை ஐந்தாம் பகுதியில் பார்த்தோம். நாற்பது போல உள்ள அந்த நொட்டுஸ்வரங்களில் பல, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து நாட்டு மக்கள் ஆடிய மெட்டுகள். அவர் தம்பி பாலுசுவாமி அதே வாத்தியத்தாரிடம்தான் வயலின் கற்றார். இன்று எந்தக் கச்சேரியிலும் பாடகரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த வாத்தியம் நம் நாட்டுக்குள் வந்ததே ஆட்டப்பாட்டுகளோடு சேர்ந்துதான்.

மறுபடி தென்னார்க்காட்டுக்கு வருவோம். செஞ்சியை அடுத்த மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயில் இந்த வழிபாட்டின் பழைய மையங்களில் ஒன்று. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இல் வெளியிட்ட முதல் தொகுதியின் பெரும்பகுதி செஞ்சியைச் சுற்றியே எழுதப்பட்டது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் படுகளம், பிறகு தீமிதி. கூத்துக்கு முகவீணை, மத்தளம், ஆர்மோனியம், தாளம். விருத்தம் பாடி ராகத்தைக் காட்டிவிட்டு, தரு எடுத்தால் ஆட்டம் கிளம்பும். கூத்துக் கையேடுகளில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கும். மோகனம், முகாரி, நாதநாமக்கிரியை எல்லாம் இங்கே வாத்தியாருக்கு வாத்தியார் வாய்வழியாக வந்தவை. தரு என்ற இந்த நாடகப் பாட்டு வடிவில்தான் சீர்காழி அருணாசலக் கவிராயர் இராம நாடகம் எழுதினார். அதன் பாட்டுகள் இன்று மேடைக் கீர்த்தனைகளாக உலவுகின்றன.

இந்தப் பாஞ்சாலியைத்தான் பாரதியார் புதுச்சேரியில் இருந்துகொண்டு பாடினார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879 முதலே ரயில் உண்டு. சுற்றுவட்டாரமெல்லாம் பாரதக் கூத்து. ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகம் 1912-இல் வந்தது. அதில் பெரும்பகுதி நொண்டிச் சிந்து. அந்தச் சிந்தின் பிறப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குதிரை திருடப் போய்க் கால் வெட்டுண்டவன், ஒற்றைக் காலில் தத்தித் தத்தி மேடைக்கு வந்து தன் கதையைத் தானே சொல்லும் கூத்து நொண்டி நாடகம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராக அது நடந்தது. அந்தத் தத்தலே பாட்டின் நடையாயிற்று. ஒரு நொண்டியின் கால் போன போக்கை எடுத்து, கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரத்தில் வைத்தார். பாஞ்சாலி சபதத்தில் பாரதியார் அதை எடுத்து ஒரு நாட்டின் சினத்தைச் சொல்ல வைத்தார். எளிய சந்தம், மக்கள் விரும்பும் மெட்டு என்று தெரிந்தே எடுத்தார். அவரே ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் பொருள் தெரியாமல் கீர்த்தனைகளை ஒப்பிக்கும் பாடகர்களைக் கடிந்துகொண்டவர். அந்தக் குறையைச் சொன்னவர், தன் மெட்டுகளைத் தேடிப் போனது தெருவுக்கும் வயலுக்கும்தான்.

இவ்வளவு வரலாறும் கச்சேரியில் எங்கே நிற்கிறது? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வர்ணம், கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, அதன்பின் துக்கடா என்று ஒரு வரிசையை நிலைநிறுத்தினார். அவர் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார். தமிழ்ப் பாட்டுக்கும் சிந்துக்கும் திருப்புகழுக்கும் உறுதியான ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அந்த இடம் கடைசி அரைமணி நேரம். ரசிகர் சிலர் எழுந்து வெளியே போய்க்கொண்டிருக்கும் நேரம். ஐந்தும் மூன்றும் எட்டும் முப்பத்திரண்டுமாகக் கணக்குப் பின்னிய ஒரு குழிப்பை ‘லேசான உருப்படி’ என்று வகைப்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை. தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிராக்காரர் ஐந்தையும் மூன்றையும் கோத்து வாசிக்கும்போது கை தட்டுகிறோம். அதே கோவையை அருணகிரியார் சொல்லாலேயே செய்திருக்கிறார், தண்டபாணி சுவாமிகள் அதற்கு விதி எழுதியிருக்கிறார். அது கச்சேரியின் நடுவில் வர வேண்டிய சரக்கு. நயினாப் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது.

உள்ளே வரும்போது பாட்டு எதையோ இழக்கவும் செய்கிறது. மயிலத்தில் காவடிச்சிந்தின் வேகத்தை முடிவு செய்வது கால். மேடையில் முடிவு செய்வது பாடகரின் விருப்பம், பெரும்பாலும் விரைவுதான். விரைந்தால் அடிமுடிவு இயைபு மட்டும் காதில் தெறிக்கும், உள்ளே இருக்கும் சொல் போய்விடும். நிதானமாகப் பாடிய காவடிச்சிந்தில்தான் முதல் எண்ணின் அழுத்தம் தெரியும், பால்குடத்தின் கனமும் தெரியும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் ஒரு முறை எழுந்து நின்று நடந்தபடியே அதைப் பாடிப் பார்த்தால், எந்த வேகம் சரி என்று அவர்கள் கால்களே சொல்லிவிடும்.

எண்பதுகளில் இன்னொரு வாசல் திறந்தது. அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாக நாட்டுப்பாட்டு வாசித்து வளர்ந்த பண்ணைப்புரத்து இளையராஜா 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ வெளியிட்டார். நம் ராகங்களும் பாக் கையாண்ட எதிர்ப்பண் முறையும் கம்பிவாத்தியங்களில் கலந்த அந்தத் தொகுப்பில் தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். அவரே பின்னால் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்துக் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய நால்வர் முறையில் வாசித்தார். மிருதங்கம் இல்லாமல், செல்லோவின் வில்லே தாளமும் சொன்னது. சிந்துக்கும் வண்ணத்துக்கும் அந்த முறை மிகப் பொருந்தும். துள்ளலை முதல் வயலினும், ஒரு துள்ளல் தள்ளி அதையே வியோலாவும் எடுத்தால், வயலின் தொங்கலுக்கு வரும்போது வியோலா மூன்றாம் மடக்கில் இருக்கும். யாராவது எழுத வேண்டும்.

கூத்தையும் கச்சேரியையும் நேருக்கு நேர் ஒரே மேடையில் வைத்த முயற்சியும் நடந்திருக்கிறது. பாடகர்கள் டி. எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும், காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தின் பெ. ராஜகோபால் குழுவினரும் சேர்ந்து பாரதக் கதையை நிகழ்த்தினார்கள். இப்படிச் சேர்கிறபோது முதலில் எழும் சிக்கல் சுருதி. கச்சேரியில் ஆண் குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிற்கும். கூத்தில் விடிய விடியத் திறந்த வெளியில், ஒலிபெருக்கி வருவதற்கு முன்பிருந்தே கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய குரல், அதனால் ஐந்து கட்டைக்குக் குறைந்து பாடினால் எடுபடாது. ஒரே மோகனம்தான், ஆனால் ஒருவர் அதை மடியில் வைத்துத் தடவுகிறார், மற்றவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார். இருவருக்கும் நடுவில் சுருதி சொல்லும் வாத்தியம் எது என்பதுதான் கேள்வி.

கூத்துக்காரர்கள் பல தலைமுறையாக அதற்கு வைத்திருக்கும் விடை முகவீணை. நாகஸ்வரத்தின் சின்ன உருவம், ஆனால் குரலுக்கு மேலே ஏறி நிற்கும். ஒரு காலத்தில் கோயில் சேவையிலும் சதிர் மேடையிலும் இதே வாத்தியம் இருந்தது. அங்கிருந்து அது எப்படிக் காணாமல் போயிற்று, ஆர்மோனியம் வந்தபின் கூத்திலும் எப்படிக் குறைந்துகொண்டு வருகிறது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.